மூன்று பிரிட்டிஷ் பீங்கான் செட்டுகள்: சோற்றுக்கு எது, அலமாரிக்கு எது

குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் சாலையோரத்துப் பழைய சாமான் கடையில், எஸ்டேட் பங்களாக்களின் சமையலறைச் சாமான்கள் அவ்வப்போது வந்து இறங்கும். பெரும்பாலும் ரோஜாப்பூ அச்சிட்ட தட்டுகள், தங்க ஓரம் தேய்ந்த டீ செட், மூடி தொலைந்த சூப் பாத்திரம். இந்த முறை வந்த குவியலில் பார்க்க வேண்டியவை மூன்று: ரிட்ஜ்வே கம்பெனியின் ‘ஹோம்மேக்கர்’, மிட்வின்டர் கம்பெனியின் ‘ரிவியேரா’, அதே மிட்வின்டரின் ‘ஸாம்பேஸி’. மூன்றும் 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் அறிமுகமானவை. கடைக்காரர் மூன்றையும் ஒரே விலைக்கு ‘போன் சைனா’ என்று சொல்லி விற்கிறார். மூன்றும் போன் சைனா கிடையாது, மூன்றுக்கும் ஒரே விலை கொடுக்கவும் கூடாது.

போன் சைனாவா என்று பார்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கம் விரலை வையுங்கள். விரலின் நிழல் தெரியாவிட்டால் அது போன் சைனா இல்லை. இவற்றில் தெரியாது. இவை மண்பீங்கான், அதாவது எர்தன்வேர். உள்ளே இருக்கும் மண் நீரை உறிஞ்சும். மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு, தொழிலில் கிளேஸ் என்பது, அந்த நீரைத் தடுக்கும். இந்தப் பீங்கானை வாங்குவதும் விடுவதும் அந்தப் பூச்சை வைத்துத்தான். படத்தில் மயங்கி வாங்குகிறவர்கள் பூச்சைப் பார்ப்பதில்லை. பிறகு மஞ்சள் கறை ஏறிய தட்டைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

முதலில் இவற்றின் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும், விலைக்கு நியாயம் அதில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் உள்நாட்டு வீடுகளுக்கு வெள்ளைத் தட்டு மட்டும்தான். படம் போட்டவை எல்லாம் ஏற்றுமதிக்குப் போயின. போர் முடிந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு தொடர்ந்து, 1952-ல்தான் விலகியது. பத்து வருடம் வெறும் வெள்ளைத் தட்டில் சாப்பிட்ட ஜனங்களுக்கு நிறம் வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடம், 1951-ல், லண்டனில் நடந்த ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ விழா புதிய கோடுகளையும் வளைவுகளையும் பொதுமக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்திருந்தது. எக்ஸ்-கதிரால் கண்ட படிகங்களின் அணு அமைப்பைத் துணியிலும் பீங்கானிலும் கோலமாக்கிக் காட்டியவர்களும் அந்த விழாவில் இருந்தார்கள். நவீன ஓவியர் மிரோவின் புள்ளிகளும் கம்பிக்கோடுகளும், சிற்பி கால்டரின் தொங்கும் சிற்பங்களும், இன்னொரு சிற்பி ஆர்ப்பின் கூழாங்கல் போன்ற வளைவுகளும் திரைச்சீலைக்கும் தட்டுக்கும் வந்து சேர்ந்தது இந்தப் பருவத்தில்தான்.

மிட்வின்டர் 1910-ல் பர்ஸ்லெம் ஊரில் தொடங்கிய குடும்பக் கம்பெனி. அந்தக் குடும்பத்து ராய் மிட்வின்டர் 1952-ல் கனடாவும் அமெரிக்காவும் சுற்றிவந்தார். ஈவா ஸைஸல், ரேமண்ட் லோவி போன்ற வடிவமைப்பாளர்கள் அங்கே செய்திருந்த விளிம்பில்லாத தட்டுகளைப் பார்த்தார். திரும்பி வந்து 1953-ல் ‘ஸ்டைல்கிராஃப்ட்’ என்ற வடிவத்தை இறக்கினார்: மூலைகள் உருண்ட சதுரத் தட்டு, விளிம்பே கிடையாது, நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே பரப்பு. 1955-ல் இன்னும் நெகிழ்ந்த வளைவுகளோடு ‘ஃபேஷன்’ வடிவம் வந்தது. பழைய தட்டில் நடுவே ஒரு பூங்கொத்து, சுற்றிலும் விளிம்பில் ஒரு பார்டர் என்று இடம் பிரித்துத்தான் வரைய முடியும். விளிம்பை எடுத்துவிட்டதும் தட்டு முழுதும் ஓவியரின் கையில் வந்தது. நவீன ஓவியம் பீங்கானில் பொருந்தி உட்கார்ந்ததற்கு இந்த வடிவமே காரணம். படத்தை மட்டும் புதிதாக்கிப் பழைய விளிம்புத் தட்டில் ஒட்டிய கம்பெனிகளும் இருந்தன. அவற்றை இன்று பார்த்தாலும் கண்ணில் ஒட்டுவதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

ஹோம்மேக்கர். வெள்ளைத் தட்டில் கறுப்பு அச்சு, வேறு நிறம் இல்லை. சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் நெருக்கமாக நிரம்பிய பின்னணியில், அந்தக் காலத்துப் புது வீட்டின் சாமான்கள் மிதக்கின்றன: ராபின் டே வடிவமைத்த நாற்காலி, சிக்வார்ட் பெர்னடாட் வடிவமைத்த சோபா, பூமராங் வளைவில் ஒரு மேசை, கால் பரப்பி நிற்கும் செடித் தாங்கி, விளக்கு. வரைந்தவர் ஈனிட் சீனி என்ற பெண். 1957 முதல் வுல்வொர்த் கடைகளில் மலிவு விலைக்கு விற்றது. உற்பத்தி ஏறக்குறைய 1970 வரை ஓடியது. அந்த நாற்காலியை வாங்க முடியாதவர்களும் அதன் படத்தில் சாப்பிட முடிந்தது என்பதே இந்தத் தட்டின் பெருமை. கோப்பைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவற்றின் வெளிப்புறம் முழுக் கறுப்பு, உள்ளே வெள்ளை. படம் சாசரில்தான் இருக்கும். “கறுப்புக் கோப்பை வேறு செட்டு” என்று கடைக்காரர் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார். சேர்த்துக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு மூன்றில் இதுதான் முதலிடம். கறுப்பு அச்சு கிளேஸுக்கு அடியில் இருக்கிறது. விரல் நகத்தால் படத்தின் ஓரத்தைத் தடவினால் எதுவும் தட்டுப்படாது. தட்டைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தைப் படத்தின் மேல் ஓடவிட்டால், ஒளி அறுபடாமல் வழுக்கிப் போகும். அப்படிப் போனால் குழம்பும் கரண்டியும் படத்தைத் தொடவே முடியாது. மங்கிய தட்டு ஒன்றிரண்டு இருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேலே உள்ள கண்ணாடிதான் கத்திக் கீறலால் புகைபடிந்தது போல ஆகியிருக்கும். முள்ளும் கத்தியும் வைத்துச் சாப்பிட்ட வீட்டுத் தட்டு அப்படித்தான் ஆகும். கையால் சாப்பிடும் நம் வீட்டில் இதே தட்டு இன்னும் நெடுநாள் உழைக்கும்.

ரிவியேரா. இதை வரைந்த ஹியூ காசன், 1951 விழாவின் கட்டடப் பொறுப்பாளராக இருந்த கட்டடக் கலைஞர். தென் பிரான்ஸ் கடற்கரை ஊர்களின் காட்சிகள்: பாய்மரப் படகு, மேசை போட்ட ஓட்டல் வாசல், பூக்கடை. நடுங்கும் மெல்லிய கோட்டில் போகிறபோக்கில் கிறுக்கிய ஓவியம் போலத் தோன்றினாலும், ஒவ்வொரு காட்சியும் தட்டின் வளைவுக்கு அளந்து உட்கார வைத்தது. 1954-ல் ஸ்டைல்கிராஃப்ட் வடிவத்தில் வந்தது. 1960-ல் ‘ஃபேஷன்’ வடிவத்தில் ‘கேன்ஸ்’ என்ற பெயரில் திரும்ப வந்தது. கடையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. தட்டைத் திருப்பி அடிமுத்திரையைப் படித்துப் பிரித்து எடுங்கள். கலந்த செட்டை முழுச் செட்டு என்று சொல்லி விலை கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு வடிவமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அடுக்காது, சாய்ந்து நின்று ஓரம் மூளியாகும்.

விளிம்பில்லாத இந்தத் தட்டு நம் சாப்பாட்டுக்கு எப்படி? பெரிய தட்டு சுமார் 24 செ.மீ. தோசை, இடியாப்பம், புட்டும் கடலையும், வேகவைத்த கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் என்றால் நன்றாக இடம் கொள்ளும். ஓரம் மெல்ல மேலே வளைவதால் சாம்பார் சாதம் வரைக்கும் தாங்கும். ரசமும் மோரும் ஊற்றிப் பிசைய இது ஆகாது. கை சுழலும்போது ஓரத்தைத் தாண்டி வழியும். இன்னொரு சிக்கல் பரிமாறுகிறவருக்கு: பிடிக்க விளிம்பு இல்லாததால் கட்டைவிரல் சோற்றில் படும். உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கப் பழக வேண்டும். மீன்குழம்புக்குத் தனியாக ஒரு கிண்ணம் வையுங்கள், ஸ்டீல் கிண்ணமாக இருந்தாலும் சரி. அதைத் தட்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஏன் என்று கீழே.

ரிவியேராவின் நிறங்களைத் தட்டுக்குத் தட்டு சோதிக்க வேண்டும். சாய்த்துப் பார்க்கும்போது நிறம் இருக்கும் இடத்தில் மட்டும் மினுமினுப்பு மாறினாலோ, நகத்தில் மேடு தட்டினாலோ, அந்த நிறம் கிளேஸுக்கு மேலே இருக்கிறது. பாத்திரம் கழுவும் பவுடரும் தேங்காய் நாரும் அதைத் தின்றுவிடும். அப்படிப்பட்டதில் பழம், பலகாரம் போன்ற உலர்ந்தவை மட்டும்.

ஸாம்பேஸி. இதை வரைந்தவர் ஜெஸ்ஸி டெய்ட். பர்ஸ்லெம் ஓவியப் பள்ளியில் படித்து, 1946-ல் மிட்வின்டருக்கு வந்து, அந்தக் கம்பெனியின் முகத்தையே மாற்றியவர். 1954-ல் ‘ப்ரிமாவெரா’, ‘ஃபியெஸ்டா’, 1956-ல் இது. வரிக்குதிரைத் தோல் போல அகன்று மெலிந்து ஓடும் கறுப்புப் பட்டைகள், துணைக்குச் சிவப்பு. ராய் மிட்வின்டர் கொண்டுவந்த வடிவத்தின் வளைவைப் பிடித்துக்கொண்டு ஓடும் கோடு வேறு எந்தச் செட்டிலும் இவ்வளவு உயிரோடு இல்லை. அத்தனையும் தொழிற்சாலைப் பெண்கள் தூரிகையால் இழுத்தது. இரண்டு தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பட்டை தொடங்கும் இடத்தில் மை தடித்திருக்கும், முடியும் இடத்தில் மெலிந்து இழுபட்டிருக்கும், எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அது வேறு யாரோ அச்சில் செய்த நகல்.

கடையில் இருப்பது முழுச் செட்டு இல்லை. காபி ஜாடி ஒன்று, தட்டுகள் சில. ஜாடியின் மூடியைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். சொந்த மூடி ஓசையில்லாமல் உட்காரும். வேறு ஜாடியின் மூடி ஒரு பக்கம் ஆடும். மூக்கின் நுனியையும் பிடி ஒட்டிய இரண்டு இடங்களையும் கைபேசி விளக்கில் பாருங்கள், ஒட்டுப்போட்டதெல்லாம் அங்கேதான் இருக்கும். ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கு இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பசையும் பெயின்டும் பீங்கானிலிருந்து வேறாக ஒளிரும்.

ஸாம்பேஸியைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உடைந்தால் ஈடு கிடைக்காது என்பது ஒரு காரணம். சிவப்பு, ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் நிறங்களில் காட்மியம், ஈயம் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்பது பெரிய காரணம். பிரிட்டனில் மட்பாண்டத் தொழிலாளர் உடல்நலத்துக்காக வந்த விதிகள் உருக்காத ஈயம் சேர்த்த கிளேஸைத் தடுத்தன; ஆனால் உருக்கிக் கட்டிய ஈயம் பூச்சில் இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள பூச்சு அதைக் கட்டிவைத்திருக்கும். புளிப்பும் சூடும் நேரமும் மூன்றும் சேர்ந்தால் கசியும். புளிக்குழம்பு, குடம்புளி போட்ட மீன்கறி, எலுமிச்சை ஊறுகாய், மோர், கம்பம் திராட்சையின் ரசம் இவை எதையும் பழைய பீங்கானில் ஊற்றி வைத்துவிடாதீர்கள், அது எந்தச் செட்டானாலும். ஹோம்மேக்கர் தட்டில் குழம்புச் சோறு சாப்பிட்டு உடனே கழுவுவது வேறு, ராத்திரி முழுக்க ஊறுகாய் வைப்பது வேறு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் அன்றாடம் சாப்பாடு வேண்டாம்.

இப்போது கிளேஸ் விஷயம். இந்த மதிப்புரையின் கனம் இதில்தான்.

பழைய மண்பீங்கானில் வலைப்பின்னல் போல மயிர்க்கோடுகள் ஓடும். உள்ளே இருக்கும் மண் காலப்போக்கில் ஈரத்தை ஏற்று மிக மெல்லப் பருக்கிறது. மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு கூடவே விரியாது, இழுபட்டு வெடிக்கிறது. வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்து மழையிலும் பனியிலும் பூட்டிய பங்களா அலமாரிகளில் வருடக்கணக்கில் இருந்த தட்டுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். மலை இறங்கிக் கம்பம், போடிப் பக்கம் மழைமறைவுக் காற்றில் இருந்த தட்டு ஒப்பிட்டால் தெளிவாக இருக்கும். ஆகையால் எந்தப் பக்கத்திலிருந்து வந்த சாமான் என்று கடைக்காரரிடம் கேட்பது வெறும் பேச்சுக்கல்ல.

கோடு வந்துவிட்டால் தடுப்பு போயிற்று. எண்ணெயும் மஞ்சளும் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கும், கழுவினாலும் வராது. அடியில் பழுப்பு நிழல் படரும், சூடாக்கினால் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். மயிர்க்கோடு விழுந்த தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது.

சோதிக்கும் வரிசை இது. முதலில் தட்டைத் துடைத்து உலர்த்திவிட்டு, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் கோடு தெரியாது. சந்தேகம் வந்தால் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் ஆறிய காபி டிகாஷனைத் தடவி, இரண்டு நிமிடம் விட்டுத் துடையுங்கள். கோடு இருந்தால் பழுப்பாக எழுந்து நிற்கும். அடுத்து மூன்று விரல்நுனியில் தட்டைத் தாங்கி, மறுகையின் விரல் மொட்டியால் ஓரத்தில் தட்டுங்கள். முழுத் தட்டு கணீரென்று ஒலித்து அடங்கும்; விரிசல் விட்டது ‘டொக்’ என்று செத்த ஓசை தரும். மண்பீங்கானின் ஓசை போன் சைனாவைவிடக் குட்டையானது, அதனால் ஒரே செட்டின் தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். கடைசியாக ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய மூளி விரலுக்குத் தப்பாது.

அடியில் சிறு பொட்டுகளாக மூன்று தழும்பு இருந்தால் அதைக் குறையென்று எண்ணி விலை குறைக்கக் கேட்காதீர்கள். சூளையில் தட்டைத் தாங்கிய முளைகளின் தடம் அது. ஆனால் அந்தத் தழும்புகள் கூர்மையானவை. வெறுமனே அடுக்கினால், மேல் தட்டின் தழும்பு கீழ்த் தட்டின் முகத்தைக் கீறும். கடையில் பத்துத் தட்டை அப்படியேதான் அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே அடுக்கின் மேல் தட்டை மட்டும் பார்த்து விலை பேசாமல் எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். வீட்டில் இடையிடையே பழைய பருத்தித் துணித் துண்டு போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மலைக்காற்றில் அது ஈரம் பிடித்துப் பூஞ்சை கட்டும்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. விற்பனைக்கு வைக்குமுன் தட்டுகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைக்கிறார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். மயிர்க்கோடு வழியே உள்ளே போன குளோரின் உப்பு, தண்ணீர் காய்ந்ததும் படிகமாகித் தடிக்கும்; சில மாதத்தில் கிளேஸ் செதில் செதிலாகக் கிளம்பும். தட்டை முகர்ந்தால் நீச்சல்குள வாடை வரும், அதை எடுக்காதீர்கள். கறை எடுக்கத்தான் வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். முதலில் தட்டை ஒரு நாள் சுத்தமான மழைநீரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் கறை உள்ளே இன்னும் ஆழம் போகும். பிறகு பஞ்சில் பெராக்சைடை நனைத்துக் கறைமேல் ஒட்டி, காயாதபடி பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, ஓரிரு நாள் கழித்துப் பஞ்சை மாற்றுங்கள். கையுறை போடுங்கள். கறை வெளிறியதும் பலமுறை நீர் மாற்றி அலசி, நிழலில் இரண்டு வாரமாவது காயவிடுங்கள். நிறம் கிளேஸுக்கு மேலே இருக்கும் தட்டில் இதைச் செய்ய வேண்டாம். இப்படி வெளுத்த தட்டும் அலமாரிக்குத்தான்.

தட்டின் முகத்தில் பென்சில் கிறுக்கல் போலச் சாம்பல் கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கீறல் இல்லை. ஸ்டீல் கரண்டியும் கிண்ணமும் உரசி, அந்த உலோகமே கிளேஸில் ஒட்டிக்கொள்வது. நம் சமையலறையில் ஸ்டீல் இல்லாமல் முடியாது என்பதால் இது நமக்கே உரிய தொல்லை. சமையல் சோடாவைக் குழைத்து மென்துணியால் வட்டமாகத் தேய்த்தால் போகும். பரிமாற மரக்கரண்டியோ அகப்பையோ வையுங்கள்.

கொதிக்கிற குழம்பைக் குளிர்ந்த தட்டில் ஊற்றுவதும் கூடாது. ஜனவரி மாதக் குளிரில் தட்டை வெந்நீரில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். அடுப்புத் தீ, ஓவன் இரண்டுக்கும் இது பழக்கமில்லாத பண்டம். மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம்: ஈரம் குடித்த மண் உள்ளே சூடேறி, விரிசல் நீண்டுவிடும்.

விலை பேசும்போது நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு: குறையில்லாத தட்டுக்குச் சொன்ன விலையில் மயிர்க்கோடு விழுந்ததற்குப் பாதி, மூளிக்குக் கால், ஒட்டுப்போட்டதற்கு அதுவும் இல்லை. விதிவிலக்கு ஸாம்பேஸி, கோடு விழுந்திருந்தாலும் முக்கால் விலை கொடுக்கலாம், ஏனென்றால் அது எப்படியும் அலமாரிக்குப் போகிறது. ஹோம்மேக்கரில் நல்ல தட்டு நான்கு தேறினால் எடுத்துவிடுங்கள், ஆறு சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதம் வந்தால் இருக்காது. கடையில் எப்போதாவது வரும் வேறு மிட்வின்டர் வகைகளையும் கவனித்து வையுங்கள்: டெரன்ஸ் கான்ரன் வரைந்த ‘சாலட் வேர்’ (1955), ‘பிளான்ட் லைஃப்’ (1956), பிற்காலத்தில் 1962-ல் டேவிட் குவீன்ஸ்பரி பால்கேன் வடிவத்தைப் பார்த்துச் செய்த ‘ஃபைன்’ வடிவம். ‘ஃபைன்’ வடிவத் தட்டுகளில் நல்ல நிலையில் கிடைத்தால் அவை அன்றாடத்துக்கும் தாங்கும்.

வாங்கியபின் குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் கம்பம் இறங்க வேண்டியவர்கள் கவனிக்க: தட்டுகளைப் படுக்கை வாட்டில் அடுக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவில் மேல் தட்டின் கனமெல்லாம் கீழ்த் தட்டில் விழும். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஓரம் கீழே வர நிமிர்த்தி நிறுத்தி, இடைவெளியில் வைக்கோலோ துணியோ திணியுங்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைக்காதீர்கள், பிடிதான் முதலில் போகும். ஜாடியின் மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பெட்டியை மேலே லக்கேஜ் தட்டில் ஏற்றாமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வைக்கோல் கேட்டால் தருவார்கள். துணி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.